பழைய மீட்டரும் மாற்றுப் பாகமும்: மலையகத்தில் அளவுக் கருவிகளைத் திருத்துவதன் உள்விவரம்

பழைய வானொலியைத் திருத்தினால் பாட்டு கேட்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய அளவுக் கருவியை அப்படி விட்டுவிட முடியாது. முள் அசைகிறது, திரையில் கோடு ஓடுகிறது என்பதால் அது சொல்லும் எண் சரியென்று ஆகிவிடாது. இலங்கை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு பார்வைக்கு நன்றாகவே தொங்கும். அது இரண்டு கிலோ குறைத்துக் காட்டினால் அன்றைய கூலியே மாறிப்போகும். மின் அளவுக் கருவியும் அதே மாதிரிதான். கழற்றியெடுத்த பாகத்தையோ நாமே செய்த பாகத்தையோ அதற்குள் வைக்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும்: இந்தப் பாகம் அளவைத் தீர்மானிக்கிறதா, சும்மா துணைக்கு நிற்கிறதா? திருத்த வேலை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்தக் கருவிகள் மலைக்கு வந்ததற்குக் காரணம் தேயிலையும் தண்ணீரும். கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் விசிறி, உருட்டும் மெஷின், சல்லடை, உலர்த்தி என்று ஃபெக்டரியில் எதைத் தொட்டாலும் பின்னால் ஒரு மோட்டார் இருக்கும். தேசிய மின்கம்பி வருவதற்கு முன்பே பல தோட்டங்கள் தங்கள் ஓடையில் சிறு நீர்மின் நிலையம் வைத்து ஓட்டின. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எழுதிய நீர்மின் திட்டம் 1950இல் லக்சபான நிலையமாக ஓடத் தொடங்கியது. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபோது பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்பு நிலையம் நின்றது. இத்தனைக்கும் வோல்ட்டும் ஓமும் அளக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும். தோட்டங்களை நடத்தியவை பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பனிகள் என்பதால் கருவிகளும் அங்கிருந்தே வந்தன.

அவற்றில் இரண்டை இன்றும் மோட்டார்ச் சுருள் சுற்றிக் கொடுக்கும் பழைய வைண்டிங் கடைகளில் காணலாம். ஒன்று ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஏவோ மீட்டர். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியியலாளர் டொனால்ட் மெக்காடியின் யோசனையில் 1923இல் வெளிவந்தது. அதன் எட்டாம் மாதிரி 1951 முதல் 2008 வரை விற்பனையில் இருந்தது. மற்றது மெகர். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளேயிருக்கும் சிறு ஜெனரேட்டர் 500 வோல்ட் தரும். மோட்டார்ச் சுருளின் காப்பு நன்றாக இருக்கிறதா, ஈரம் ஏறிவிட்டதா என்று முள் சொல்லும். பற்றரியே வேண்டாம். எழுபது வருடப் பழசு ஒன்று இன்றும் வேலை செய்தால் ஆச்சரியமில்லை.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின, 1992இல் அவற்றின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. இப்படிக் கைமாறும்போதெல்லாம் களஞ்சியத்து மூலையில் கிடக்கும் பெட்டிகள் எங்கெங்கோ சிதறுவது வழக்கம்தான். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்தில் எதையும் திருத்தித்தான் பாவிக்க வேண்டியிருந்தது. 2022இல் மறுபடி அதே நிலை. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியது, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அப்போது கெட்டுப்போன கருவிக்குப் புதுசு வாங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே பாகம் கழற்றிப் பாவிப்பது பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல.

ஈரம் செய்யும் வேலை

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே தொடங்கி செப்டம்பர் வரை அலுமாரிக்குள் இருக்கும் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும்போது மீட்டர் மட்டும் தப்புமா? ஊவாப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பண்டாரவளை, ஹப்புத்தளையில் வறண்ட காற்று அடிக்கும். தேயிலைக்கு அந்தப் பருவத்தில் தனி மணம் வருவதும் அதனால்தான். நீண்ட காலம் சும்மா இருந்த கருவி ஒன்றைக் கையிலெடுத்தால், அது எந்தப் பக்கத்து மலையில் இருந்தது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஈரம் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது. 1950களிலும் 60களிலும் வந்த கார்பன் ரெசிஸ்டர்கள், அதாவது கரண்டைத் தடுக்கும் பாகங்கள், ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல மதிப்பு கூடும். பார்த்தால் புதுசு போல இருக்கும். 100 கிலோ ஓம் என்று நிறக்கோடு சொல்லும், அளந்தால் 130 இருக்கும். மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர்களில் கரண்ட் கசியத் தொடங்கும். இவற்றைவிட மோசமானது, பழைய கருவிகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் ரிஃபா வகைக் காகிதக் கெப்பாசிட்டர். தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையில் இருக்கும். அந்த உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும். பல வருடம் கழித்து 230 வோல்ட் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் 'டப்' என்ற சத்தம், அறை முழுக்க நாறும் புகை. ஆகவே பழைய கருவி எதுவானாலும் பிளக்கைச் செருகும் முன் மூடியைத் திறந்து இதைத் தேட வேண்டும். இருந்தால் வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கழற்றிவிடுவதே என் வழக்கம். மாற்று சுலபம்: கைவிட்ட கம்பியூட்டர் பவர் சப்ளையில் எக்ஸ்2 (பாதுகாப்புத் தரக் குறி), 275 வோல்ட் என்று எழுதிய பிளாஸ்டிக் பெட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். அதே மதிப்பில் ஒன்றை எடுத்து வைக்கலாம். இது அளவைத் தீர்மானிக்காத பாகம். பாதுகாப்புத் தரம் சரியாக இருந்தால் போதும்.

மெகரில் ஈரம் வேறு மாதிரி ஏமாற்றும். அது அளப்பதே நூற்றுக்கணக்கான மெகா ஓம். கம்பி செருகும் முனைகளைச் சுற்றி அழுக்கும் ஈரமும் சேர்ந்த மெல்லிய படலம் படிந்தால், அந்தப் படலத்தின் வழியே கசியும் கரண்டையும் மெகர் மோட்டாரின் கசிவாகக் கணக்கெடுக்கும். நல்ல மோட்டாரைக் கெட்டது என்று சொல்லி வைண்டிங்குக்கு அனுப்பிவிடும். ஃபெக்டரிக்கு வீண் செலவு. எனவே எதிலும் தொடுக்காமல் முதலில் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் முடிவிலிக் குறிக்குப் போய் நிற்காவிட்டால் கோளாறு கருவிக்குள்ளேதான். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்த்தினாலே பாதிக் கருவிகள் பிழைத்துவிடும்.

உலர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் டெக்ட்ரொனிக்ஸ் கம்பனி திருத்தத்துக்கு வந்த ஒசிலோஸ்கோப்புகளை, அதாவது மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்புகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்தியது. ஆபத்தில்லாத வேலைதான், ஆனால் அதன் உயிர் உலர்த்துவதில் இருக்கிறது. மஸ்கெலியாவில் ஜூன் மாதத்தில் கழுவி வெயிலுக்குக் காத்திருந்தால் கருவி துருப்பிடித்துவிடும். மூடிய மரப்பெட்டிக்குள் பழைய இழை பல்ப் ஒன்றை எரியவிட்டு, மேலே காற்றுப்போக ஓட்டை வைத்து, சில நாள் விட்டால் காய்ந்துவிடும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது, அதில் அவ்வளவு சூடு இல்லை.

எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது

மலையக நகரங்களில் எந்தத் திருத்தக் கடைக்குப் பின்னாலும் பழைய தொலைக்காட்சி, கம்பியூட்டர் மொனிட்டர், யூபிஎஸ், எரியாத சிஎஃப்எல் பல்ப் எல்லாம் குவிந்து கிடக்கும். அது ஒரு நல்ல களஞ்சியம். குழல் தொலைக்காட்சியின் கிடைவரிசைப் பகுதியில் இருக்கும் பொலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர்கள் உயர் வோல்ட்டைத் தாங்கும், வயதாகி அதிகம் கெடாது. சிஎஃப்எல் பலகையில் 1,000 வோல்ட் தாங்கும் டயோட் நான்கு இருக்கும். நல்ல மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், ஹீட் சிங்க், சுவிட்ச், நட்டு, ஸ்க்ரூ எல்லாம் கிடைக்கும். பழைய தொலைக்காட்சியிலிருந்து எடுத்த பவர் ட்ரான்ஸிஸ்டரை நான் கடையில் வாங்கியதைவிட நம்புவேன். பெயர் அழித்து மறுபடி அச்சடித்த போலிச் சரக்கு சந்தையில் அவ்வளவு ஓடுகிறது. பல வருடம் ஓடிய ட்ரான்ஸிஸ்டர் தன்னை நிரூபித்துவிட்டது.

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மட்டும் கழற்றிப் பாவிக்காதீர்கள். உள்ளே திரவம் இருக்கும் பாகம் அது, சூட்டில் வற்றிக்கொண்டே போகும். 10 பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சிஎஃப்எல் பல்புக்குள் வெந்துபோன ஒன்றை எடுத்துத் தன் ஸ்கோப்பில் வைப்பது நாளைய கோளாறை இன்றே வாங்கி வைப்பதுதான். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிதாக வாங்குங்கள், 105 பாகை என்று எழுதியதாகப் பார்த்து. செலவு செய்ய வேண்டிய இடம் இது. 1970களின் கருவிகளில் வரும் டான்டலம் கெப்பாசிட்டரும் இப்படித்தான், ஆனால் அது வற்றாது. திடீரென்று ஷோர்ட் ஆகி மின்வழங்கியையே கீழே இழுத்துவிடும்.

வைண்டிங் பாஸும் ஸ்கோப் ட்ரான்ஸ்போமரும்

மோட்டார் வைண்டிங் கடைகள் மலையகத்தின் ஒரு பெரிய பலம். எந்தத் தேயிலை நகரத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். செம்புக் கம்பியின் கனத்தைத் தொட்டே சொல்லும் பாஸ்மார், அதாவது கைதேர்ந்த வேலைக்காரர்கள், இருக்கிறார்கள். எரிந்துபோன ஸ்கோப் ட்ரான்ஸ்போமரைக் கம்பனியிலிருந்து வாங்க இனி வழியில்லை, ஆனால் அதை இவர்களால் மறுபடி சுற்ற முடியும். அதற்கு நம் பக்கத்திலிருந்து கொஞ்சம் தயாரிப்பு வேண்டும்.

பழைய சுருளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு படையிலும் எத்தனை சுற்று, கம்பி எந்த எஸ்டபிள்யூஜி (கம்பியின் கன எண்), எந்தத் திசையில் சுற்றியது, நடுவில் எத்தனை தாள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டி எறிந்துவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சேர்விஸ் புத்தகத்தில் வோல்ட் இருக்கும், சுற்றுக் கணக்கு அநேகமாக இருக்காது. முதல் சுருளுக்கும் அடுத்த சுருள்களுக்கும் இடையில் மெல்லிய செம்புத் தகடு ஒன்று சுற்றியிருக்கும். மின்கம்பியில் வரும் இரைச்சல் அளவுப் பகுதிக்குள் நுழையாமல் அது தடுக்கிறது. மோட்டாரில் இப்படியொரு தகடு கிடையாது. அதனால் மோட்டாருக்குப் பழகிய கை அதை வேண்டாத சாமான் என்று விட்டுவிடலாம், அல்லது சுத்தமாக மூடிச் சுற்றிவிடலாம். இரண்டாவது இன்னும் ஆபத்து. தகட்டின் இரு நுனியும் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு சுற்றுள்ள, ஷோர்ட் ஆன சுருளாகி, கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் புகையும். "பாஸ், இந்தத் தகட்டோட ரெண்டு நுனியும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது, நடுவுல தாள் வச்சிடுங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் செய்து தருவார்கள், வார்னிஷும் நம்மைவிட நன்றாகப் போடுவார்கள்.

அமெரிக்கக் கருவி என்றால் மின்வழங்கல் தெரிவைப் பார்க்காமல் செருகக்கூடாது. 115 வோல்ட்டில் நிற்கும் கருவிக்கு நம் 230 போனால் கதை முடிந்தது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்த ட்ரான்ஸ்போமரை 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் இரும்புக்கரு நிரம்பிச் சூடேறும். எப்படியும் சுற்றப் போகிறோம் என்றால் அதை 230க்கும் 50க்கும் ஏற்றபடி சுற்றிக்கொள்ளலாம்.

கைப்பிடி, குமிழ், பற்சக்கரம் போன்றவற்றில் கவலை குறைவு. பித்தளையில் என்றால் லேத் பட்டறை. பிளாஸ்டிக்கில் என்றால் இப்போது முப்பரிமாண அச்சு. பிஎல்ஏ என்ற சாதாரண அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகையளவில் இளகிவிடும் என்பதால் சூடேறும் இடத்தில் வேறு வகை வேண்டும்.

அளவைத் தீர்மானிக்கும் பாகங்கள்

இங்குதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏவோ எட்டாம் மாதிரியில் நேர்மின் அளவுக்கு ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று கணக்கு. 10 வோல்ட் வரம்பில் மொத்தத் தடை 200 கிலோ ஓம், முள் கடைசிக்குப் போக 50 மைக்ரோ ஆம்பியர். இந்த 200 கிலோ ஓமில் எவ்வளவு பிசகோ, வாசிப்பிலும் அவ்வளவு பிசகு. இத்தகைய மீட்டர்களில் சில தடைகள் மெல்லிய கம்பியில் சுற்றிய உருளைகள். ஈரத்தில் ஓரிடத்தில் பச்சை பிடித்து அறுந்துவிடும். கையில் செம்புக் கம்பி இருக்கிறது என்று அதில் சுற்றிவிடலாமா? கூடாது. செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் மாறும். கொழும்பில் 30 பாகையில் சரிபார்த்ததை நுவரெலியாவில் 10 பாகைக் குளிரில் வைத்தால் 8 சதவீதம் வரை பிசகும். சூட்டுக்கு அசையாத மங்கனின் என்ற உலோகக் கலவைக் கம்பியில் சுற்றியதற்குக் காரணம் அதுதான். மங்கனின் கிடைக்காவிட்டால் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை அளந்து பொறுக்கித் தொடராகக் கோர்க்கலாம். இங்கே கழற்றியெடுத்த பாகமும் நல்லதே: அதன் மேல் எழுதிய மதிப்பு நமக்குத் தேவையில்லை, நல்ல மீட்டரில் அளந்த மதிப்புத்தான் கணக்கு. கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று வழக்கமாக 250 வோல்ட் அளவே தாங்கும் என்பதால் 1,000 வோல்ட் வரம்புக்கு ஒன்றை மட்டும் போடாமல் பலவற்றில் பகிர வேண்டும்.

அதே மீட்டரில் உயர் ஓம் வரம்புக்கு 15 வோல்ட் பற்றரி ஒன்று வேண்டும். இங்கே கடையில் அதைக் காண்பது அரிது. 3 வோல்ட் நாணயப் பற்றரி ஐந்தைத் தொடராக வைத்த ஒரு சிறு குழாய் போதும். அந்த வரம்பில் ஓடும் கரண்ட் மிகச் சிறியது என்பதால் அவற்றின் உள்தடை வாசிப்பைக் கெடுக்காது.

பார்த்தால் துணைப் பாகம், உண்மையில் அளவின் தலைவன் என்று இருப்பவையும் உண்டு. ஹியூலட்-பெக்கார்ட் கம்பனியின் முதல் தயாரிப்பு 1939இல் வந்த ஓடியோ ஒசிலேட்டர், அதாவது சோதனைக்கு ஒலி அலை உண்டாக்கும் கருவி. அதற்குள் ஒரு சின்ன இழை பல்ப் இருக்கும். ஒளிக்காக அல்ல, அலை பெரிதாகும்போது இழை சூடேறித் தடை கூடும், அலை மறுபடி அடங்கும். அலையின் உயரத்தைக் கட்டிப்போடுவது அந்த இழைதான். அதற்கு எல்ஈடி வைத்தால் கருவி கெட்டது. அதே வோல்ட், அதே வாட் உள்ள இழை பல்ப்தான் வேண்டும்.

இன்னும் சில பாகங்களைச் செய்யவும் முடியாது, வேறெதிலிருந்தும் எடுக்கவும் முடியாது. 1972இல் வந்த டெக்ட்ரொனிக்ஸ் 465 ஸ்கோப்பின் திரையான கதோட்டுக் குழல் அதற்கென்றே செய்தது. 155 என்று தொடங்கும் எண் போட்ட ஐசிகள் அக்கம்பனியே செய்தவை. இவற்றுக்குச் செத்துப்போன இன்னொரு டெக்ட்ரொனிக்ஸ்தான் ஒரே வழி. ஆனால் அந்த முடிவுக்குப் போகும் முன், அந்தக் காலத்து டெக்ட்ரொனிக்ஸ் பலவற்றில் ட்ரான்ஸிஸ்டர்கள் சொக்கட்டில் செருகியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஈரத்தில் சொக்கட் மங்கிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துச் செருகினால் உயிர்த்தெழும் ஸ்கோப்புகள் ஏராளம். அதற்கு முந்தைய 500 வரிசையில் பாகங்கள் வெள்ளை பீங்கான் பட்டிகளில் ஈயம் வைத்திருக்கும். அதற்கு வெள்ளி கலந்த ஈயம் வேண்டும் என்று கம்பனி ஒரு சிறு சுருளைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பியது. சாதாரண ஈயத்தை வைத்து வைத்து எடுத்தால் பீங்கானிலிருந்து வெள்ளிப்பூச்சு பெயர்ந்துவிடும்.

1980களுக்குப் பிந்திய சில கருவிகளில் அளவைச் சரிப்படுத்தும் எண்கள் பற்றரி தாங்கும் நினைவகத்தில் இருக்கும். இன்னொரு கருவியிலிருந்து அந்த ஐசியை எடுத்து வைத்தால் கருவி ஓடும், ஆனால் இன்னொரு கருவியின் எண்களில் ஓடும். பற்றரி சாகும் முன் உள்ளிருப்பதை வாசித்துச் சேமித்துவிடுவதுதான் வழி.

எதோடு ஒப்பிடுவது?

பாகம் மாற்றியபின் சரிபார்க்க ஒரு நம்பகமான அளவு வேண்டும். நாட்டில் இதன் உச்சியில் இருப்பது ஹோமாகமையிலுள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகத் தேவையில்லை. வோல்ட்டுக்கு, மாறாத வோல்ட் தரும் ஏடி584 போன்ற ஒரு மேற்கோள் ஐசி பலகை, ஓமுக்கு 0.1 சதவீத ரெசிஸ்டர்கள் சில இருந்தால் முள் மீட்டருக்கு அது தாராளம். மெகருக்கு 10 மெகா ஓம் ரெசிஸ்டர் பத்தைக் கோர்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, எதிலும் படாமல் தொங்கவிட்டால் 100 மெகா ஓம் கையில். ஸ்கோப்பின் நேரத்துக்கு வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ஒரு தோராயம் தரும். ட்ரான்ஸ்போமர் வழியே குறைத்துத்தான் எடுக்க வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் சிறிய ஜிபிஎஸ் பலகை வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். அதற்கு வேண்டியது திறந்த வானம், ஹப்புத்தளை முகட்டில் அதற்குக் குறைவில்லை.

இவ்வளவு பாடுபட்டு என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஒரு மலிவான டிஜிட்டல் மீட்டர் ஏவோவைவிடத் துல்லியமாகவே வாசிக்கும். ஆனால் ஃபெக்டரியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை நீண்டு ஓடும் கம்பிகளில், கரண்ட் இல்லாத கம்பியிலும் பக்கத்துக் கம்பியின் பாதிப்பால் டிஜிட்டல் மீட்டர் 60, 80 வோல்ட் என்று காட்டும். அதன் உள்தடை 10 மெகா ஓம் என்பதால் அந்தப் பேய் வோல்ட்டைக் கரைக்க முடியாது. தடை குறைந்த பழைய முள் மீட்டர் அதைக் கரைத்து உண்மையைச் சொல்லும். பழைய சேர்விஸ் புத்தகங்களில் முழு சேர்க்கிட்டும், எந்தப் புள்ளியில் என்ன வோல்ட், எப்படி அலை என்பதும் இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு எல்லையை மட்டும் தாண்டக்கூடாது. இந்தப் பழைய கருவிகளுக்கு இன்றைய பாதுகாப்புத் தரங்கள் இல்லை. ஃபெக்டரியின் 400 வோல்ட் பிரதான சுவிட்ச் பலகையில் ஏவோவைத் தொடுக்காதீர்கள். அங்கே தரச்சான்றுள்ள புதிய மீட்டர்தான். ஸ்கோப்பைத் திறந்தால் குழலில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அணைத்த பின்னும்.

வேலை முடிந்ததும் மூடியைப் பூட்டும் முன் ஒரு கடதாசியில் எந்தப் பாகம், எதிலிருந்து எடுத்தது, அளந்த மதிப்பு என்ன, எந்த வரம்பில் எத்தனை சதவீதப் பிசகு, எந்தத் திகதி என்று எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். ஏதாவது ஒரு வரம்பு சரிவரவில்லை என்றால் அதை மூடியின் வெளியே, சுவிட்சுக்குப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அந்த மீட்டரைக் கையிலெடுக்கும் அடுத்த ஆள் எந்த மொழிக்காரராக இருந்தாலும் அந்த வரம்பை நம்பி ஒரு கம்பியைத் தொட்டுவிடக்கூடாது.